8கே டி.வி.யை எங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும்?

4கேயா, 8கேயா என்ற சண்டை டி.வி. ஆர்வலர்களிடையே பத்தாண்டுகளாக ஓயவில்லை. திரையின் படம் எத்தனை புள்ளிகளால், அதாவது பிக்சல்களால், ஆனது என்பதைச் சொல்லும் பெயர்கள் இவை. எச்டியைவிட 4கேயில் புள்ளிகள் அதிகம், 8கேயில் இன்னும் அதிகம். கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளுக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. எச்டி வந்தபோதும் இதைத்தான் சொன்னீர்கள், 4கே வந்தபோதும் இதைத்தான் சொன்னீர்கள் என்று மறு தரப்பு திருப்பிக் கேட்கிறது. இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தத் திரையை உருவாக்கியவர்கள் நம்மை எவ்வளவு தூரத்தில் உட்காரச் சொன்னார்கள் என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அவர்கள் சொன்ன தூரம், திரையின் உயரத்தில் முக்கால் பங்கு. 85 அங்குல டி.வி. என்றால் 79 சென்டிமீட்டர். நாற்காலியில் இருந்தபடி கையை நீட்டினால் விரல் கண்ணாடியில் படலாம்.

இந்தத் தூரத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை உண்டு. டோக்கியோவின் செட்டகாயா பகுதியில் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, அடுத்த தலைமுறை டி.வி. எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே ஆராயத் தொடங்கினார்கள். மின்சுற்றுகளோடு சேர்த்து மனிதக் கண்ணையும் ஆராய்ந்தார்கள் என்பதுதான் எனக்கு அந்த ஆய்வுக்கூடத்தின் மீது இருக்கும் மதிப்புக்குக் காரணம். ஒரு படம் நம் பார்வைப் பரப்பில் எவ்வளவு அகலத்தை அடைத்துக்கொண்டால், படம் பார்க்கிறோம் என்ற நினைப்பு மறைந்து அங்கேயே இருக்கிறோம் என்ற உணர்வு வரும்? இருபது, முப்பது டிகிரியில் அந்த உணர்வு அரும்புகிறது. நூறு டிகிரியை நெருங்கும்போது அது நிறைவடைந்துவிடுகிறது. அதற்கு மேல் அகலத்தைக் கூட்டிப் பெரிய பயனில்லை.

எச்டி டி.வி. முப்பது டிகிரிக்காக வடிவமைக்கப்பட்டது. திரை உயரத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும் என்பது அதன் இலக்கணம். 1995-ல் தொடங்கிய அடுத்த ஆய்வு நூறு டிகிரியைக் குறிவைத்தது. அவ்வளவு கிட்டே உட்கார்ந்த பிறகும் புள்ளி புள்ளியாகத் தெரியக் கூடாது என்றால் அகலத்தில் 7680, உயரத்தில் 4320 பிக்சல்கள் வேண்டியிருந்தன. பெருக்கினால் 3.32 கோடி. எச்டியைப் போல் பதினாறு மடங்கு, 4கேயைப் போல் நான்கு மடங்கு. இதற்கு அவர்கள் வைத்த பெயர் சூப்பர் ஹை-விஷன். 8கே என்பது பிறகு வந்த பெயர்.

ஆரம்ப நாட்களில் இதைப் படம்பிடிப்பதே பெரும் பாடாக இருந்தது. 2002-ல் தயாரான முதல் கேமராவின் எடை சுமார் 80 கிலோ. எச்டி பதிவுக் கருவிகள் பதினாறை ஒன்றாகக் கட்டி இயக்கியும் பதினெட்டு நிமிடக் காட்சியைத்தான் பதிவுசெய்ய முடிந்தது. 2005-ல் ஐச்சி உலகக் கண்காட்சியில் 600 அங்குலத் திரையில் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். பதின்மூன்று மீட்டர் அகலம், ஏழரை மீட்டர் உயரம். சுற்றிலும், மேலும், கீழும் ஒலிபெருக்கிகள் வைத்த 22.2 சேனல் ஒலியும் சேர்ந்துகொண்டது. 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது பிபிசியோடு சேர்ந்து பொது அரங்குகளில் திரையிட்டார்கள். 2018 டிசம்பர் 1 அன்று ஜப்பானில் செயற்கைக்கோள் வழியாக 8கே சேனல் முறைப்படி ஒளிபரப்பைத் தொடங்கியது. கண்காட்சிக் கூடம், பொது அரங்கு என்று வளர்ந்த இந்தப் படம் ஆரம்பத்திலிருந்தே ஆளை விழுங்கும் அளவுக்குப் பெரியதாகவே கற்பனை செய்யப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடைக்கு வந்தபோது கதை மாறியது. 2015-ல் ஷார்ப் நிறுவனம் விற்பனைக்கு வைத்த 85 அங்குல 8கே திரையின் விலை ஒரு கோடியே அறுபது லட்சம் யென். அடுத்த சில ஆண்டுகளில் அதே நிறுவனம் 70 அங்குலத்தையும், 2018-ல் சாம்சங் தன் வரிசையையும், 2019-ல் எல்ஜி 88 அங்குல ஓஎல்இடியையும் (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை) கொண்டுவந்தன. இவற்றை வாங்கியவர்கள் எங்கே வைத்தார்கள்? பழைய டி.வி. இருந்த அதே சுவரில்தான். சோபாவும் நகரவில்லை. ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது 85 அங்குலத் திரை கண்ணில் அடைக்கும் அகலம் 38 டிகிரி. 55 அங்குலம் என்றால் வெறும் 25. நூறு டிகிரிக்காகச் செய்த ஒன்றை முப்பத்தெட்டு டிகிரியில் பார்த்துவிட்டு, வித்தியாசம் தெரிகிறதா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

கண்ணின் எல்லையை வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஒரு வெள்ளைத் தாளில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் கருப்புக் கோடுகள், நடுநடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்று பத்துப் பன்னிரண்டு வரைந்துகொள்ளுங்கள். சுவரில் ஒட்டிவிட்டுப் பின்னால் நடங்கள். இயல்பான பார்வை உள்ளவருக்குச் சுமார் மூன்றரை மீட்டர் வரை கோடுகள் தனித்தனியாக நிற்கும். அதைத் தாண்டினால் எல்லாம் கலந்து ஒரே சாம்பல் பட்டையாகிவிடும். கண் மருத்துவர் எழுத்துப் பலகையை வைத்து அளப்பதும் இந்த அளவைத்தான்: ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. மாடியிலிருந்து வாசலைப் பார்த்தால் கோலத்தின் இழை தெரியும், புள்ளி தெரியாது. அதே சங்கதிதான்.

இந்தக் கணக்கின்படி 55 அங்குல எச்டி திரையின் பிக்சல்கள் 2.2 மீட்டரில் மறைந்துவிடுகின்றன. அதே அளவு 4கே திரையில் 1.1 மீட்டரிலேயே மறைந்துவிடும். 8கேயை ஆதரிப்பவர்கள் இதை ஏற்பதில்லை. அறுபதில் ஒரு பங்கு என்பது சராசரி, கூர்மையான கண் அதைவிட நுணுக்கமாகப் பார்க்கும் என்பது அவர்கள் வாதம். அது சரியான வாதம்தான். 2025 அக்டோபரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டா நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. ஒரு திரையை முன்னும் பின்னும் நகர்த்தி, நுண்கோடுகள் எந்த இடத்தில் மறைகின்றன என்று அளந்தார்கள். கருப்பு வெள்ளையில் ஒரு டிகிரிக்கு 94 பிக்சல் வரை கண் பிரித்தறிகிறது. சிவப்பு பச்சையில் 89. மஞ்சள் ஊதாவில் 53 மட்டுமே. பழைய 60 என்ற எண் குறைவான மதிப்பீடு என்பது இதில் தெளிவாகிறது.

சரி, அந்த 94-ஐயே வைத்துக் கணக்கிடுவோம். 65 அங்குல 4கே திரையில் பிக்சல்கள் மறையும் தூரம் 2 மீட்டர். 85 அங்குலத்தில் 2.6 மீட்டர். அதாவது 85 அங்குலத் திரை வாங்கி, எட்டடிக்குள் உட்கார்ந்து, கூர்மையான கண்ணோடு, அசையாத கருப்பு வெள்ளை நுண்கோடுகளைப் பார்த்தால் 8கேயின் பயனில் ஒரு துளி கண்ணுக்கு எட்டும். அந்தத் துளியை நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் டி.வி.யில் பார்ப்பது அசையாத நுண்கோடுகளையா?

இன்னொரு வாதமும் அடிக்கடி வருகிறது. ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டிய இரண்டு கோடுகளில் ஒன்று பக்கவாட்டில் சற்றே விலகியிருந்தால், கண் அதை ஒரு டிகிரியின் நூற்றுக்கணக்கில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் கண்டுபிடித்துவிடும், ஆகவே 4கே போதாது என்பார்கள். கண்ணுக்கு அந்தத் திறன் இருப்பது உண்மை. வெர்னியர் அளவுகோலைப் படிக்கும்போது நாம் பயன்படுத்துவது அதைத்தான். ஆனால் நல்ல கேமராவில் எடுத்த படத்தில் கோட்டின் ஓரம் சாம்பல் நிறப் படிகளாகப் பதிவாகிறது. பிக்சலின் பாதி தூரம் கோடு நகர்ந்தால் அந்தச் சாம்பல் மாறுகிறது, கண் அதை நகர்வாகவே உணர்கிறது. அதனால் இந்தத் திறனை ஏமாற்றாமல் காட்ட 4கேயாலும் முடியும்.

2020-ல் வார்னர் பிரதர்ஸ், பிக்சார், அமேசான் ஆகியவற்றோடு சேர்ந்து ஒரு சோதனை நடத்தப்பட்டது. 88 அங்குல 8கே ஓஎல்இடி திரையில் ஒரே காட்சியின் 8கே, 4கே வடிவங்களை எது எது என்று சொல்லாமல் 139 பேருக்குக் காட்டினார்கள். பெரும்பாலானோருக்கு வித்தியாசம் தெரியவில்லை. முன்வரிசையில், திரையிலிருந்து ஐந்தடியில் உட்கார்ந்த, மிகக் கூரிய பார்வை உடையவர்கள் மட்டும் 8கேக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். ஆய்வுக்கூடம் சொன்ன தூரத்தை நோக்கி நகர்ந்தவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது என்று இதை நான் படிக்கிறேன்.

அசைவுக்கு வருவோம். இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படும் இடம் இதுதான், மிக முக்கியமான இடமும் இதுதான்.

ஒரு ரயில் திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு நான்கு வினாடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டி.வி. வினாடிக்கு அறுபது படம் காட்டுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் இடையே ரயில் எச்டியில் 8 பிக்சலும், 4கேயில் 16 பிக்சலும், 8கேயில் 32 பிக்சலும் தாண்டுகிறது. இன்றைய எல்சிடி, ஓஎல்இடி திரைகள் ஒவ்வொரு படத்தையும் அடுத்தது வரும்வரை அசையாமல் பிடித்துவைத்திருக்கும். நம் கண்ணோ நிற்காது. ரயிலின் ஜன்னலைப் பின்தொடர்ந்து சீராக நகர்ந்துகொண்டே இருக்கும். படம் நிற்க, கண் நகர, ஜன்னலின் விளிம்பு விழித்திரையில் இழுபட்டுப் பூசினாற்போல் ஆகிவிடுகிறது. அந்தப் பூச்சின் அகலம் 8கேயில் 32 பிக்சல். அதாவது பணம் கொடுத்து வாங்கிய நுணுக்கம் ரயில் நகரத் தொடங்கியதுமே கரைந்துபோகிறது. பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண், மூன்று வகைத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் மங்கும்.

என்எச்கேயின் பொறியாளர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. 2012-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த பிடி.2020 என்ற தரநிலையில் வினாடிக்கு 120 படம் சேர்க்கப்பட்டதற்கு இதுவே காரணம். படங்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் பூச்சு பாதியாகிறது. ஆனால் வீட்டுக்கு வந்த ஒளிபரப்பு 60-லேயே நின்றுவிட்டது. விளையாட்டை விரும்பிப் பார்ப்பவர்கள் 8கேயைவிட 120-க்காகக் குரல் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பந்துவீச்சாளரின் விரல்கள் பந்தின் தையலை எப்படிப் பிடித்திருக்கின்றன என்பதை ஓட்டத்திலேயே காட்டக்கூடியது அந்த 120-தான்.

அடுத்தது ஒளி. இருட்டறையில் ஒற்றை அகல்விளக்கு எரியும் காட்சியை ஒரு சாதாரண எல்சிடி திரையில் போட்டுப் பாருங்கள். சுடர் தெரியும், ஆனால் இருட்டு இருட்டாக இருக்காது, வெளுத்த சாம்பலாக இருக்கும். எல்சிடி தானாக ஒளிர்வதில்லை. பின்னால் விளக்கு எப்போதும் எரிகிறது, முன்னால் உள்ள திரவப் படிகம் கதவைப் போல் அதை மறைக்கிறது. கதவிடுக்கில் ஒளி கசியும். அந்தப் பின்னொளியைப் பல பகுதிகளாகப் பிரித்து, இருட்டான பகுதியில் விளக்கை அணைப்பதுதான் மினி எல்இடி செய்யும் வேலை. பகுதிகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் பிக்சல்கள் லட்சக்கணக்கில் இருப்பதால், சுடரைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் ஒன்று மிஞ்சிவிடுகிறது. ஓஎல்இடியில் அந்தப் பிரச்சினையே எழாது. ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது, தானே அணைகிறது. 1987-ல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் காட்டிய கரிமப் படலத்தின் வழி வந்தது இது. 2007-ல் சோனி விற்ற முதல் ஓஎல்இடி டி.வி. வெறும் 11 அங்குலம்தான். சுடரைச் சுற்றிய இருட்டை முதன்முதலாக அப்படியே இருட்டாகப் பார்த்தவர்கள் பிக்சல் கணக்கை மறந்துபோனதில் வியப்பில்லை. பயனியர் நிறுவனத்தின் குரோ என்ற பிளாஸ்மா டி.வி.யை, அதன் உற்பத்தி நின்று இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், ஆர்வலர்கள் பாசத்தோடு பேசுவதற்கும் அதன் கருமைதான் காரணம். அது எச்டி திரைதான்.

ஓஎல்இடிக்கும் குறைகள் உண்டு. கரிமப் பொருள் எரிய எரிய மூப்படைகிறது, நீல நிறம் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்கிறது, அசையாத சேனல் சின்னம் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் திரையில் தங்கிவிடலாம். வெயில் அடிக்கும் கூடத்தில் மினி எல்இடியின் பிரகாசம் அதற்கு வராது. நிறத்தைப் பொறுத்தவரை குவாண்டம் புள்ளிகள் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தன. சில நானோமீட்டர் அளவே உள்ள இந்தத் துகள்கள் அளவுக்கேற்ற நிறத்தில் ஒளிர்கின்றன, சிறியது நீலத்தை நோக்கியும் பெரியது சிவப்பை நோக்கியும் போகும். இதற்கு அடித்தளம் போட்ட மவுங்கி பாவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்சி எகிமோவ் மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

8கே இந்த ஒளியோடு மோதுகிறது. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு டிரான்சிஸ்டரும் மின்கம்பியும் வேண்டும், அவை ஒளி வரும் வழியை அடைத்துக்கொள்கின்றன. அதே பரப்பில் நான்கு மடங்கு பிக்சலை நெருக்கினால் அடைபடும் பங்கு கூடுகிறது, ஒளி வெளியேறும் வாசல் சுருங்குகிறது. அதே வெளிச்சம் வேண்டுமென்றால் பின்னொளியைக் கூட்டி எரிக்க வேண்டும். 2023 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் 8கே டி.வி.க்கும் 4கேக்கு விதித்த அதே மின்நுகர்வு வரம்பை விதித்தபோது உற்பத்தியாளர்கள் திணறியது இதனால்தான். பெட்டியிலிருந்து எடுத்ததும் வெளிச்சம் குறைவான நிலையில் இயங்கும்படி அமைத்துத்தான் அங்கே விற்க முடிந்தது. புள்ளிக்காக ஒளியை விட்டுக்கொடுக்கும் இந்த பேரம் எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை.

படம் நம் வீட்டுக்கு வந்துசேரும் வழியும் குறுகலானது. 8கே படத்தைச் சுருக்காமல், வினாடிக்கு 60 படம், நிறத்துக்கு 10 பிட் என்று அனுப்பினால் வினாடிக்குச் சுமார் 60 கிகாபிட் வேண்டும். 2017-ல் வந்த எச்டிஎம்ஐ 2.1 கம்பியே 48 கிகாபிட்தான் தாங்கும். என்எச்கே தன் செயற்கைக்கோள் ஒளிபரப்பில் அதை 100 மெகாபிட்டுக்குள் அடக்கியது. இணையவழிப் படங்களில் நிலைமை இன்னும் நெருக்கடி. நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படங்களுக்குக் கேட்கும் இணைய வேகம் 15 மெகாபிட். இவ்வளவு பிழிந்த படத்தில் முதலில் சாவது நுணுக்கம்தான். ஆற்று நீர், காற்றில் ஆடும் இலைகள், மைதானத்தில் கூட்டம் என்று எங்கெல்லாம் ஒவ்வொரு புள்ளியும் மாறிக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் படம் மெழுகாக உருகும். அந்தி வானத்தில் நிறம் படிப்படியாக மாற வேண்டிய இடத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். நல்ல வட்டிலிருந்து ஓடும் எச்டி படம், பிழிந்தெடுத்த 4கே படத்தைவிடக் கண்ணுக்கு இதமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திரையில் எத்தனை பிக்சல் இருந்தாலும் வராத தகவலைக் காட்ட முடியாது.

ஓஎல்இடியின் கருமையும் எல்இடியின் பிரகாசமும் ஒன்றுசேரும் திரை என்று எல்லாத் தரப்பும் கை காட்டுவது, பின்னொளி இல்லாமல் நுண்ணிய எல்இடி விளக்குகளே பிக்சல்களாக எரியும் மைக்ரோ எல்இடியை. சோனி 2012-லேயே 55 அங்குல எச்டி மாதிரியைக் காட்டியது, அதில் அறுபது லட்சம் எல்இடிகள். சாம்சங் 2018-ல் 146 அங்குலத்தைக் காட்டியது. தடங்கல் எண்ணிக்கையில்தான். பிக்சலுக்கு மூன்று விளக்கு வீதம் 4கேக்கு 2.49 கோடி, 8கேக்கு 9.95 கோடி விளக்குகளை ஒன்றுவிடாமல் எடுத்துவைத்து மின் இணைப்புத் தர வேண்டும். லட்சத்தில் ஒன்று தவறினாலும் 8கே திரையில் ஏறக்குறைய ஆயிரம் விளக்குகள் எரியாமல் நிற்கும். அதனால் இப்போதைக்கு நிறுவனங்கள் வேறு வழியில் போகின்றன. பின்னொளியையே சிவப்பு, பச்சை, நீல எல்இடிகளால் அமைக்கும் முறையை ஹைசென்ஸ், சாம்சங் போன்றவை 2025-ல் 110 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளில் கொண்டுவந்தன. அவை விளம்பரப்படுத்தியது நிறத்தையும் வெளிச்சத்தையும்தான். பிக்சல் எண்ணிக்கை 4கேயோடு நின்றது.

8கேயிலிருந்து டிசிஎல் 2023-ல் விலகிவிட்டது. சோனி 2025-ல் தன் 8கே வரிசையை நிறுத்தியது. 4கே ஆதரவாளர்கள் வென்றுவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். 8கே தோற்றது நம் வீட்டுச் சுவரில். அது பிறந்த தூரத்தில் அதை யாரும் வைத்துப் பார்க்கவில்லை.

வைத்துப் பார்த்த ஓர் இடம் உண்டு. 2014-ல் ஜப்பானில் 8கே கேமரா பொருத்திய எண்டோஸ்கோப்பைக் கொண்டு பித்தப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். சாதாரண எண்டோஸ்கோப்பில் நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால் கருவியை உறுப்புக்கு மிக அருகே கொண்டுபோக வேண்டும். அப்போது கத்தரியும் இடுக்கியும் நுழைய இடம் போதாது. 8கேயில் கேமராவைத் தள்ளி நிறுத்தி, வயிற்றின் உட்புறம் முழுவதையும் ஒரே படமாக எடுத்து, வேண்டிய இடத்தைத் திரையில் பெரிதாக்கிக்கொள்ளலாம். பெரிதாக்கிய பிறகும் நரம்பும் நுண்ணிய ரத்தக்குழாயும் தெளிவாக நிற்கும். அறுவை மேசையைச் சுற்றி நிற்பவர்களுக்கு அந்தப் பெரிய திரை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.